எந்தக் கல்லுக்கு எந்த மருத்துவர்?

மேடவாக்கம் பிரதான சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி சாலையும் சந்திக்கும் இடம் கீழ்க்கட்டளை. இங்கிருந்து மேற்கே போனால் குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கல்லீரல் மாற்று நிபுணர் முகமது ரேலா நிறுவிய மருத்துவமனையும் அதே ஊரில்தான். தெற்கே பெரும்பாக்கத்தில் கல்லீரல், கணையச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பெரிய தனியார் மருத்துவமனை ஒன்று. கிழக்கே பெருங்குடியில், கோவையில் சி. பழனிவேலு தொடங்கிய ஜெம் மருத்துவமனையின் சென்னைக் கிளை. வடக்கே கிண்டியில், 2023 ஜூன் 15 அன்று திறக்கப்பட்ட 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை. இது பரிந்துரைப் பட்டியல் இல்லை, நிலவரம். ‘பித்தப்பையில் கல்’ என்று ஸ்கேன் அறிக்கை வாங்கிய ஒருவருக்குத் தாம்பரம் மாநகராட்சியின் இந்தப் பக்கத்தில் மருத்துவமனைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்தில் ஒருவர் உடனே எடுத்துவிடச் சொல்கிறார், இன்னொருவர் மாத்திரையிலேயே கரைந்துவிடும் என்கிறார், மூன்றாமவர் பெரிய நிபுணரைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள் என்கிறார். மூவரும் தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். அந்த மூவருக்கும் வந்தது ஒரே நோயாக இருந்திருக்காது. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: பித்தப்பைக் கோளாறு என்ற ஒரே பெயருக்குள் ஐந்து வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுச் சான்று வேறு, உரிய மருத்துவர் வேறு, காத்திருக்கலாமா கூடாதா என்ற கணக்கும் வேறு. நம் நிலைமை இந்த ஐந்தில் எது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் ‘யார் நல்ல டாக்டர்’ என்று தேடுவதில் பயனில்லை.

முதலில் உறுப்பைப் பற்றிக் கொஞ்சம். கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும் பை பித்தப்பை. கொள்ளளவு 30 முதல் 50 மில்லி லிட்டர். எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்த உணவு சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, பை சுருங்கி, பித்தநீர் பொது நாளத்தின் வழியாகக் குடலுக்குள் இறங்குகிறது. ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வது இதனால்தான்: சாப்பிட்டுவிட்டால் பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. பித்தநீரின் கலவை பிசகும்போது கல் உருவாகிறது. கொலஸ்டிரால் மிகுந்து படிகமானால் மஞ்சள் நிறக் கொலஸ்டிரால் கல். சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் பிலிருபின் கால்சியத்தோடு சேர்ந்து படிந்தால் கறுப்பு நிறமிக் கல். நாளத்தில் கிருமித்தொற்றும் தேக்கமும் சேர்ந்தால் பழுப்பு நிறமிக் கல். இந்த வகைப்பாடு தமிழ்நாட்டு வாசகருக்கு வெறும் பாடப்புத்தகச் செய்தி ஆகாது. ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா, ரயில்வே ஊழியர்களிடையே ஆராய்ந்து 1968இல் ‘கட்’ என்ற ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, பித்தப்பைக் கல் தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் சுமார் ஏழு மடங்கு அதிகம் என்று காட்டியது. பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் வி. ஜெயந்தி உள்ளிட்டோர் நம் ஊர் நோயாளிகளின் கற்களை ஆராய்ந்தபோது இன்னொரு வேறுபாடும் தெளிவானது: வடக்கே கொலஸ்டிரால் கல் மேலோங்கியிருக்க, இங்கே நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் பெருமளவில் இருக்கின்றன. சிகிச்சையைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு திரும்ப வரும்.

முதல் நிலைமை, கல் இருக்கிறது, தொந்தரவு இல்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பிலோ, கர்ப்பகால ஸ்கேனிலோ, சிறுநீரகக் கல்லைத் தேடும்போதோ தற்செயலாகக் கண்ணில் படும் கல் இது. இதன் போக்கைத் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வு அமெரிக்காவில் கிரேசியும் ரான்சோஹாஃபும் 1982இல் வெளியிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழக ஊழியர்களில் அமைதியான கல் உள்ள 123 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வலி வருவதற்கான வாய்ப்பு 5 ஆண்டில் 10 சதவீதம், 10 ஆண்டில் 15, 15 ஆண்டில் 18. அதாவது 100 பேரில் 80க்கு மேற்பட்டோர் பதினைந்து ஆண்டுகளைக் கல்லோடு கழித்தும் அதை உணரவே இல்லை. சிக்கல் வந்தவர்களுக்கும் பெரும்பாலும் முதலில் எச்சரிக்கை போல வலி வந்தது. நேரடியாக ஆபத்தான சிக்கல் வருவது அரிது. ஆகவே இந்த நிலையில் அறுவை சிகிச்சை வேண்டாம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முடிவு. சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டுமே அந்த முடிவை மாற்றாது. இங்கே வழக்கமாக எழும் எதிர்வாதம் புற்றுநோய் பயம். அது ஆதாரமற்ற பயம் ஆகாது. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் உலக அளவிலேயே அதிகம் காணப்படுகிறது. ஆனால் தென்னிந்தியாவில் அதன் வீதம் அதைவிட வெகுவாகக் குறைவு. டெல்லியிலோ வாரணாசியிலோ ஒரு மருத்துவர் ‘எடுத்துவிடுங்கள்’ என்று சொல்வதற்கு இருக்கும் காரணம் கீழ்க்கட்டளையில் அதே எடையோடு நிற்காது. விதிவிலக்குகள் உண்டு: 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பாலிப், 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கல், சுண்ணாம்பு படிந்த பித்தப்பைச் சுவர், சிவப்பணுக்கள் தொடர்ந்து சிதையும் பரம்பரை ரத்த நோய். இவற்றில் ஏதாவது அறிக்கையில் இருந்தால் அறுவை மருத்துவரிடம் பேச வேண்டும். இல்லையென்றால் இந்த நிலைக்குரிய நிபுணர் குடும்ப மருத்துவரே.

இரண்டாவது நிலைமை, கல்லும் இருக்கிறது, வலியும் வருகிறது. முதலில் அந்த வலி கல்லால் வருகிறதா என்று கேட்க வேண்டும். நம் ஊரில் மேல்வயிற்றில் எது வந்தாலும் ‘கேஸ்’ என்று ஜெலுசில் குடிப்பவர்கள் ஒருபக்கம். ஸ்கேனில் கல் தெரிந்த பிறகு ஏப்பம், உப்புசம், நெஞ்செரிச்சல் எல்லாவற்றையும் கல்லின் கணக்கில் எழுதுபவர்கள் மறுபக்கம். உண்மையான பித்தப்பை வலிக்கு முகம் உண்டு. மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்க விலாவுக்குக் கீழோ எழும், ஏறி, ஒரே சீராக நின்று, அரை மணி நேரமாவது நீடிக்கும், சில நேரம் முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும், தூக்கத்திலிருந்து எழுப்பும், அமில மாத்திரைக்கோ, மலம் கழித்தாலோ, படுக்கையில் புரண்டாலோ அடங்காது, வாரக்கணக்கில் காணாமல் போய்த் திரும்பி வரும். நடுத்தர வயதைக் கடந்தவருக்கு இப்படி வலி வந்தால் முதலில் இ.சி.ஜி. எடுத்து இதயக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்பதற்கு நெதர்லாந்தின் ‘செக்யூர்’ ஆய்வு பதில் சொல்கிறது. 2019இல் ‘லான்செட்’ வெளியிட்ட அந்த ஆய்வில் கல்லும் வயிற்று வலியும் உள்ள 1,067 பேர், 24 மருத்துவமனைகள். ஒரு பிரிவில் வழக்கம்போல மருத்துவர் முடிவெடுத்தார்; மறு பிரிவில் வலி குறிப்பிட்ட வரையறைக்குள் அடங்கினால் மட்டுமே அறுவை. ஓராண்டு கழித்து வலியே இல்லாதவர்கள் முதல் பிரிவில் 60 சதவீதம், இரண்டாவதில் 56. எந்தப் பிரிவைப் பார்த்தாலும் ஐந்தில் இருவருக்குக் குறையாமல் வலி மிச்சமிருந்தது. பை போனவர்களே பெரும்பான்மையாக இருந்தும் இந்த நிலை. அப்படி மிஞ்சிய வலியில் கணிசமான பங்கு பித்தப்பையால் வந்ததே இல்லை என்று கருத இடமிருக்கிறது.

பிரிட்டனின் ‘சி-கால்’ ஆய்வு இன்னும் நேரடியாகக் கேட்டது: கல்லால் வலி உள்ளவர்களுக்கு அறுவை செய்யாமல் வலி நிவாரணியோடு கவனித்தால் என்ன ஆகும்? 2023இல் ‘பி.எம்.ஜே.’ வெளியிட்ட அந்த ஆய்வில் சிக்கல் ஏதும் இல்லாத 434 பேர் கலந்துகொண்டார்கள். 18 மாதக் காலத்தில் இரு பிரிவினரின் உடல்வலி மதிப்பெண்ணில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ‘அறுவையே தேவையில்லை’ என்று முடிவுகட்டுவது அவசரம். காத்திருந்த பிரிவிலும் 25 சதவீதம் பேர் அந்தக் காலத்துக்குள்ளேயே அறுவைக்குப் போய்விட்டார்கள். அறுவைப் பிரிவிலோ 67 சதவீதம் பேருக்குத்தான் அது நடந்து முடிந்திருந்தது. பின்தொடர்ந்த காலமும் குறுகியது. இந்த இரு ஆய்வுகளிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடிய முடிவு இரண்டு. வலி அடிக்கடி வந்து, அதன் முகமும் மேலே சொன்னபடி இருந்தால் பித்தப்பையை எடுப்பதே உறுதியான தீர்வு. வலி எப்போதோ ஒருமுறை வந்தாலோ, அதன் முகம் கலங்கலாக இருந்தாலோ, சில மாதம் காத்திருப்பதால் பெரும்பாலோருக்கு இழப்பு இல்லை. இந்த நிலைக்குப் பெருநிபுணர் தேவையா? தேவையில்லை. சிறுதுளை அறுவையாகப் பித்தப்பையை எடுக்கும் முறையை ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இல் முதலில் செய்தபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. இந்தியாவில் டெஹெம்டன் உத்வாடியா மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1990இல் செய்தார். இன்று அது பொது அறுவை மருத்துவரின் அன்றாட வேலை. எம்.எஸ். பட்டம் பெற்று, இந்த அறுவையைத் தொடர்ந்து செய்துவரும் மருத்துவர் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ இருந்தால் அவரே போதும்.

இங்கே மாத்திரைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து உண்மையிலேயே கல்லைக் கரைக்கும்; ஆனால் கொலஸ்டிரால் கல்லை மட்டும், அதுவும் சிறியதாக, சுண்ணாம்பு படியாததாக, பை நன்றாகச் சுருங்கி விரிவதாக இருந்தால் மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட்டால் மட்டும். கரைந்த பிறகும் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கல் திரும்புகிறது. நிறமிக் கல்லை அது தொடுவதே இல்லை. நம் பகுதியில் நிறமிக் கல் மிகுதி என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், வடக்கே சிலருக்குப் பலிக்கக்கூடிய மருந்து இங்கே பலிக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு என்பது விளங்கும். உடல் பருமனுக்கான அறுவைக்குப் பிறகு எடை மளமளவென்று குறைபவர்களுக்குப் புதிய கல் வராமல் தடுப்பதில் அதே மருந்துக்கு நல்ல சான்று உண்டு. ஆக மருந்து மோசம் என்பது பொருளில்லை, கேள்வி மாறினால் விடையும் மாறும் என்பதே பொருள். ஆப்பிள் சாறு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு குடித்துக் கல்லை ‘வெளியேற்றும்’ வைத்தியத்துக்கு அந்த மரியாதையும் கிடையாது. அப்படி வெளிவந்த பச்சை உருண்டைகளைச் சோதித்து ‘லான்செட்’ 2005இல் ஒரு குறிப்பை வெளியிட்டது. அவற்றில் கொலஸ்டிராலும் இல்லை, பிலிருபினும் இல்லை, கால்சியமும் இல்லை. குடித்த எண்ணெயே வயிற்றில் சோப்புக் கட்டியாகித் திரும்பி வந்திருந்தது.

மூன்றாவது நிலைமையில் கணக்கு தலைகீழாகிறது. கல் பையின் கழுத்தில் அடைத்துக்கொண்டு பை அழன்றுவிட்டால் வலி மணிக்கணக்கில் விடாது, காய்ச்சல் வரும், வலது விலாவுக்குக் கீழ் தொடவே முடியாது. ‘முதலில் ஆண்டிபயாடிக் கொடுத்துப் புண்ணை ஆற்றி, ஆறு வாரம் கழித்து ஆபரேஷன்’ என்பது பல பத்தாண்டு வழக்கம். ஜெர்மனியில் 618 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு அந்த வழக்கத்தை அசைத்தது. சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 11.8 சதவீதம் பேருக்குச் சிக்கல். ஆற வைத்துப் பிறகு செய்துகொண்டவர்களில் 34.4 சதவீதம். மருத்துவமனையில் கிடந்த நாட்களும் முதல் பிரிவுக்கே குறைவு. இந்த நிலையில் நிபுணரின் புகழைவிட நேரம் முக்கியம். ஊரிலேயே பேர்போன மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வியாழன்தான் கிடைக்கும் என்றால், இன்றே சேர்த்துக்கொண்டு, இரண்டொரு நாளில் அறுவை அரங்குக்கு அழைத்துப் போகும் அருகிலுள்ள மருத்துவமனையே சிறந்தது. தனியாருக்கு வசதியில்லை என்றால் 108 ஆம்புலன்ஸும் அரசு மருத்துவமனையும் உண்டு. முதியவர், கட்டுப்படாத சர்க்கரை நோயாளி, இதய நோயாளி ஆகியோருக்கு மட்டும் உடனடி அறுவையின் அபாயத்தைத் தனியே எடைபோட வேண்டும். அவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை பொருத்தம்.

நான்காவது, கல் பையை விட்டிறங்கிப் பித்தநாளத்துக்குள் போய்விடும் நிலைமை. கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகும்; குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நாளத்தில் சீழ் பிடித்திருக்கலாம்; கல் கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி. கல்லீரல் ரத்தப் பரிசோதனை மாறியிருந்தாலோ நாளம் விரிந்திருந்தாலோ சாதாரண ஸ்கேன் போதாது, எம்.ஆர்.சி.பி. என்ற காந்தப் படம் வேண்டும். பையில் உள்ள கல்லைத் துல்லியமாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட், நாளத்துக் கல்லை அடிக்கடி தவறவிடும். வாய்வழியே குழாய் விட்டு, நாளத்தின் வாயைத் திறந்து கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சையைச் செய்பவர் அறுவை மருத்துவர் இல்லை, டி.எம். பட்டம் பெற்ற இரைப்பை குடலியல் மருத்துவர். அவரிலும் இதில் கை பழகியவர்தான் வேண்டும், ஏனென்றால் இந்தச் சிகிச்சையே நூற்றில் சிலருக்குக் கணைய அழற்சியை வரவழைக்கும். கணைய அழற்சி தணிந்ததும் ‘வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு வாருங்கள்’ என்று அனுப்புவதும் இப்போது சரியில்லை. நெதர்லாந்தில் 266 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ‘பான்சோ’ ஆய்வில், கடுமையற்ற கணைய அழற்சிக்குப் பிறகு அதே சேர்க்கையில் பித்தப்பையை எடுத்தவர்களில் 5 சதவீதத்தினருக்கும், வீட்டுக்கு அனுப்பிப் பின்னர் எடுத்தவர்களில் 17 சதவீதத்தினருக்கும் மறுபடி சிக்கல் வந்தது. ஆகவே இந்த நிலைக்குத் தேவை தனி ஒரு மேதை என்பதைவிட, ஈ.ஆர்.சி.பி. மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மருத்துவமனை. இதே வரிசையில் சேரும் இன்னொன்று, அறுவையின்போது பித்தநாளமே வெட்டுப்பட்டுவிடும் விபத்து. ஆயிரத்தில் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடப்பது. நடந்துவிட்டால் அதைச் சீர்செய்யும் வேலை கல்லீரல்–பித்தநாள அறுவை நிபுணருடையது. இந்தத் துறையில் சென்னை பின்தங்கிய ஊர் அல்ல. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் 1970களில் கட்டியெழுப்பிய குடல் அறுவைத் துறை நாட்டுக்கே முன்னோடி. ஸ்டான்லியில் அதற்கெனத் தனி நிலையமே இயங்குகிறது. பெருநிபுணர் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இருப்பது இங்கேதான்.

ஐந்தாவது நிலைமைதான் மிகச் சிக்கலானது: வலி இருக்கிறது, கல் இல்லை. பை சரியாகச் சுருங்குவதில்லை என்பது விளக்கம். ஹைடா ஸ்கேன் என்ற அணுமருத்துவப் படத்தில், ஹார்மோன் ஊசி போட்ட பிறகு எவ்வளவு பித்தநீர் வெளியேறுகிறது என்று அளந்து, 40 சதவீதத்துக்குக் குறைந்தால் கோளாறு என்கிறார்கள். சில மையங்களில் வரம்பு 35. இதற்காகப் பித்தப்பையை எடுப்பது அமெரிக்காவில் சாதாரணமாகிவிட்டது. இதற்குப் பின்னே இருக்கும் சான்றைத் தேடிப் போனால், 2009இல் காக்ரேன் குழு திரட்டிப் பார்த்தபோது கிடைத்த சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு ஒன்றே ஒன்று. 1991இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. கலந்துகொண்டவர்கள் 21 பேர். அறுவை செய்துகொண்ட 11 பேரில் 10 பேருக்கு வலி நின்றது. செய்துகொள்ளாத பத்துப் பேருக்கும் தொடர்ந்தது. பார்க்கக் கவர்ச்சியான முடிவு. ஆனால் தனக்கு அறுவை நடந்தது, நடக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த அறிவே வலியைக் குறைக்கக்கூடியது. அது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை 2014இல் ‘ஜாமா’ வெளியிட்ட ‘எபிசாட்’ ஆய்வு காட்டியது. பித்தப்பை எடுத்த பிறகும் வலி தீராத 214 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளத்தின் வாய்த்தசை வெட்டப்பட்டது. மறு பிரிவினருக்கு வெட்டியதுபோல் பாவனை மட்டும். பலன் கண்டவர்கள் வெட்டுண்ட பிரிவில் 23 சதவீதம், பாவனைப் பிரிவில் 37 சதவீதம். பல்லாயிரம் பேருக்குப் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டுவந்த ஒரு சிகிச்சை, பாவனையைக்கூட வெல்லவில்லை. கல்லில்லாத வலிக்கு யாராவது அவசரமாக அறுவைத் தேதி குறித்தால் இன்னொரு கருத்து கேட்பது அவநம்பிக்கை ஆகாது. இங்கே உரியவர் இரைப்பை குடலியல் மருத்துவர். அல்சர், குடல் எரிச்சல் நோய், ஸ்கேனில் தப்பும் மணல்போன்ற நுண்கற்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே பித்தப்பையின் முறை வர வேண்டும்.

ஆய்வுகளைத் தேடுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றைக் கலந்துவிடக் கூடாது. முடிந்த ஆய்வுகளின் சுருக்கத்தைப் பப்மெட் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். படிக்கும்போது மூன்றைப் பார்த்தால் போதும்: சிகிச்சை பெறாத ஒப்பீட்டுப் பிரிவு இருந்ததா, எத்தனை பேர், எதை வெற்றி என்று அளந்தார்கள். கல் போனதா என்று அளந்த ஆய்வும் வலி போனதா என்று அளந்த ஆய்வும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது. 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் புதிய மருத்துவ ஆய்வு எதுவானாலும் இதில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். எந்த நோய், எந்த மருத்துவமனை, யார் பொறுப்பு, யாரைச் சேர்ப்பார்கள் என்பவை எல்லாம் அதில் உண்டு. ‘புதிய ஆராய்ச்சிச் சிகிச்சை’ என்று யாராவது அழைத்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள், இல்லையென்றால் விலகுங்கள். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் விலை கேட்டால் அதுவே ஐயப்படப் போதுமான காரணம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், எழுத்து மூலமான சம்மதமும், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் 2019ஆம் ஆண்டின் விதிகள் தரும் உரிமை.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரலாம். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் நடந்தது நமக்குப் பொருந்துமா என்பது முதலாவது. மூன்றிலும் வலுவானதும் அதுவே. கல்லின் வேதியியலைச் சார்ந்த முடிவுகள், குறிப்பாக மாத்திரை பற்றியவை, நமக்கு அப்படியே பொருந்தா என்பதை மேலே பார்த்தோம். ஆனால் அடைபட்ட பை அழலும் விதமும், அழன்ற திசு நாள்பட இறுகி அறுவையைக் கடினமாக்கும் விதமும் கல்லின் நிறத்தைப் பார்த்து மாறுவதில்லை; நேரம் பற்றிய முடிவுகள் இங்கும் நிற்கும். இரண்டாவது, இதையெல்லாம் நோயாளி படித்து என்ன ஆகப் போகிறது, மருத்துவரிடம் விட்டுவிடலாமே என்பது. எந்த நிலைமை என்று தீர்மானிப்பது மருத்துவர்தான். ஆனால் வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எதற்கு அடங்கியது என்ற தகவல் நோயாளியிடம் மட்டுமே இருக்கிறது. ‘செக்யூர்’ ஆய்வில் அறுவையின் தேவையை நிர்ணயித்ததும் அந்தத் தகவல்தான். மூன்றாவது பணம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதில் அடங்கும் என்பதைச் சேர்வதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று: முதல் நிலையில் இருப்பவருக்குத் தேவையற்ற அறுவையைத் தவிர்ப்பதைவிடப் பெரிய சிக்கனம் வேறில்லை.

அறுவைதான் என்று முடிவாகிவிட்டால், மருத்துவரின் பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் சரிபாருங்கள். ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: ‘உள்ளே போய்ப் பார்த்தால் நாளம் தெளிவாகத் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ அமெரிக்க அறுவை நிபுணர் ஸ்டிராஸ்பர்க் குழுவினர் 1995இல் வகுத்த பாதுகாப்பு விதி, பைக்குள் போகும் இரண்டே குழாய்கள் ஐயமற்றுத் தெரியும் வரை எதையும் வெட்டாதே என்கிறது. ‘வயிற்றைத் திறப்பேன்’, ‘பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு மீதியை எடுப்பேன்’, ‘நிறுத்திவிட்டு மூத்தவரை அழைப்பேன்’ என்ற பதில்கள் எல்லாமே நல்ல பதில்கள். ‘என் கையில் அப்படியெல்லாம் நடக்காது’ என்பது மட்டுமே மோசமான பதில். ஸ்கேன் அறிக்கை, கல்லீரல் ரத்தப் பரிசோதனை, வலி வந்த நாளும் நேரமும் எழுதிய ஒரு தாள், இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தில் நான் எந்த நிலைமை என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்பவரே நீங்கள் தேடிய மருத்துவர்.